ரத்தம் கொடுத்தாயிற்று, ரிசல்ட் எங்கே?

ரெடிங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, இங்கிலாந்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. எப்போதும் சோர்வாக இருக்கிறது என்று சொன்னதற்கு ஜிபி (நம் குடும்ப டாக்டர் மாதிரி) ரத்தச் சோதனைக்கு எழுதினார். ரத்தம் கொடுத்துப் பத்து நாள் ஆகியும் யாரும் கூப்பிடவில்லை. நானே போன் செய்தால் ரிசப்ஷனில் 'நோ ஃபர்தர் ஆக்‌ஷன்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ரிப்போர்ட்டைக் கையில் தரவே மாட்டார்களா? ஆப்பில் பார்த்தால் கிரியாட்டினின் 80 என்று இருக்கிறது, பயமாக இருக்கிறது. மனைவிக்கு 'ரிப்பீட் பிளட் டெஸ்ட்' என்று மெசேஜ் வந்திருக்கிறது. என்ன ஏது என்று நான் கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள்."

தம்பி, முதலில் அந்த 80ஐ முடித்துவிடுவோம். இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண் இந்தக் கிரியாட்டினின். நீங்கள் இதுவரை பார்த்தது 0.8, 0.9 என்று இருந்திருக்கும். அது டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. இங்கே லேப்களில் லிட்டருக்கு எத்தனை மைக்ரோமோல் என்று எழுதுவார்கள். 80ஐ 88.4ஆல் வகுத்துப் பாருங்கள், 0.9 வரும். உங்கள் சிறுநீரகம் அதே இடத்தில் அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மற்ற எண்களும் இப்படித்தான் முதல் தடவை தூக்கிவாரிப் போடும். ஹீமோகுளோபின் 13 என்று பார்த்த கண்ணுக்கு இங்கே 130 தெரியும். சர்க்கரை 99 என்பது 5.5 ஆகிவிடும், 18ஆல் பெருக்கினால் பழைய எண் கிடைக்கும். மொத்தக் கொலஸ்ட்ரால் 5 என்றால் ஏறக்குறைய 193. மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி சதவீதத்தில் வராது. 6.5 சதவீதம் இங்கே 48. அதிலிருந்துதான் நீரிழிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 42 முதல் 47 வரை எல்லைக்கோட்டு நிலை. ஆறுதலாகத் தெரிந்து ஏமாற்றும் எண்ணும் ஒன்று உண்டு. வைட்டமின் டி 38 என்று வந்தால் 'பரவாயில்லையே' என்று தோன்றும். ஆனால் இங்கே அது நானோமோல் கணக்கு. நாம் பழகிய நானோகிராமுக்கு மாற்ற 2.5ஆல் வகுத்தால் 15தான் வரும். ஆகவே எண்ணைப் பார்க்கும் முன் அதற்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள், அப்புறம் அந்த லேப் கொடுத்திருக்கும் நார்மல் எல்லையைப் பாருங்கள். கூகுளுக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த எல்லையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான சோதனைகளுக்கு ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் எந்த அளவுக்குள் இருக்கிறார்களோ அதைத்தான் நார்மல் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். அதாவது எந்தக் குறையும் இல்லாத இருபது பேரில் ஒருவர் எப்படியும் கோட்டுக்கு வெளியே நிற்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், அவர் நல்ல உடல்நலத்தோடு இருந்தாலும் ஏதாவது ஒன்றாவது வெளியே போக 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. டாக்டர் ஒரு எண்ணைப் பார்த்து, சற்றே விலகியிருந்தும் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று எழுதினால் அது அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் வயது, பழைய ரிசல்ட், மற்ற எண்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அப்படி எழுதுவார்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம். பத்து நாள் யாரும் கூப்பிடாதது இங்கே சாதாரணம். ஏதாவது செய்ய வேண்டியிருந்தால்தான் கூப்பிடுவார்கள், ரிசல்ட் நார்மல் என்றால் பல சர்ஜரிகளில் (ஜிபி கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) தகவலே வராது. 'நோ நியூஸ் இஸ் குட் நியூஸ்' என்று ரிசப்ஷனிலேயே சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் அதை நம்பிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். செய்தி வராததற்கு நல்ல ரிசல்ட் மட்டும்தான் காரணம் என்பதில்லை. உங்களிடம் எடுத்த ரத்தம் லேபுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். உறைந்துபோய்ச் சோதிக்க முடியாமல் போயிருக்கலாம். உங்கள் பழைய மொபைல் நம்பருக்கு மெசேஜ் போயிருக்கலாம். இல்லை, ரிசல்ட் வந்தும் யாரும் திறந்து பார்க்காமல் கிடக்கலாம்.

கடைசியாகச் சொன்னது எங்கள் வீட்டிலேயே நடந்தது. முன்பு நாங்கள் இருந்த பகுதியில் தற்காலிகமாக வந்திருந்த ஒரு டாக்டர் என் கணவருக்குத் தைராய்டு சோதனைக்கு எழுதினார். ரிசல்ட் வருவதற்குள் அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். ரிசல்ட் அவர் பெயரில் இருந்த பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது. சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இவர் போன் செய்த பிறகுதான் டியூட்டி டாக்டர் திறந்து பார்த்தார். தைராய்டு சோதனையில் பார்க்கும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் கூடியிருந்தது, அன்றைக்கே மாத்திரை எழுதினார்கள். போன் செய்யாமல் இருந்திருந்தால் 'நல்ல செய்திதான் போல' என்று நாங்களும் இருந்திருப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாரிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும். சர்ஜரியில் எடுத்த ரத்தம் வேனில் ஆஸ்பத்திரி லேபுக்குப் போகிறது. ரிசல்ட் கம்ப்யூட்டர் வழியாகச் சர்ஜரிக்குத் திரும்பி வரும். ஆனால் நீங்கள் ஒரே தடவை கொடுத்த ரத்தத்தின் ரிசல்ட் ஒரே தாளாக வராது. ரத்த அணுக்கள் தனி, சிறுநீரகம் தனி, கல்லீரல் தனி, தைராய்டு தனி என்று துண்டு துண்டாக வரும். சில மறுநாளே வந்துவிடும், சிலவற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். டாக்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவார். 'நார்மல்', 'நோ ஃபர்தர் ஆக்‌ஷன்', 'மூன்று மாதம் கழித்து ரிப்பீட்', 'டாக்டரிடம் பேசவும்' என்ற மாதிரி. பார்ப்பவர் உங்களைச் சோதித்த அதே டாக்டராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ரிசப்ஷனில் இருப்பவருக்கு அந்த வரியை வாசிக்கத்தான் அனுமதி, விளக்கம் சொல்லும் வேலை அவருடையது இல்லை. அவரிடம் போய் 'என் கிரியாட்டினின் ஏன் இப்படி' என்று மல்லுக்கட்டிப் பயனில்லை.

ஆனால் அவரால் பதில் சொல்ல முடிந்த கேள்விகள் இருக்கின்றன. "டாக்டர் எழுதிய எல்லாச் சோதனைக்கும் ரிசல்ட் வந்துவிட்டதா, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா? எல்லாவற்றையும் டாக்டர் பார்த்துவிட்டாரா? ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறார்?" இந்த மூன்றையும் கேளுங்கள். உங்களுக்குச் சொன்ன அந்த ஒரு வரி சிறுநீரகத்துக்கு மட்டும் உரியதாகவும், தைராய்டு இன்னும் லேபிலேயே இருப்பதாகவும் கூட இருக்கலாம். காலை 8 மணிக்குக் கூப்பிடாதீர்கள், அது அப்பாயின்ட்மென்ட்டுக்காக ஊரே அடித்துக்கொள்ளும் நேரம். ரிசல்ட் கேட்கப் பல சர்ஜரிகள் மதியத்துக்கு மேல் தனி நேரம் வைத்திருக்கின்றன.

அடுத்த முறை இதையெல்லாம் ரத்தம் கொடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள். டாக்டர் சோதனைக்கு எழுதும்போதே எதற்காக இந்தச் சோதனை, எத்தனை நாளில் வரும், யார் எப்படிச் சொல்வார்கள், அதற்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுவிடலாம். டாக்டரின் நேரத்தைத் தின்கிறோமே என்று நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அரை நிமிடக் கேள்வி அது, எந்த டாக்டரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பதிலில் வரும் தேதியை போனில் அலாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி ஃபைலில் போட்டால்தான் நிம்மதி என்பது எனக்கும் புரிகிறது. ரிசப்ஷனில் பிரின்ட் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். மறுத்தாலும் உங்கள் மருத்துவப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கச் சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கிறது. பொதுவாகக் கட்டணம் கிடையாது, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அதைவிட எளிது என்ஹெச்எஸ் (இங்குள்ள அரசு மருத்துவச் சேவை) ஆப். 2023 அக்டோபர் 31க்குப் பிறகு இங்கிலாந்தில் உள்ள ஜிபி சர்ஜரிகள், புதிதாகப் பதிவாகும் விவரங்களை நோயாளிகள் ஆன்லைனில் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்பது அவர்களின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆப்பில் எண்கள் தெரியாமல் வெறும் மருந்துப் பட்டியல் மட்டும் தெரிந்தால், முழுப் பதிவையும் பார்க்கும் அனுமதியைத் திறந்துவிடச் சொல்லி சர்ஜரியில் கேளுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் டாக்டர் எழுதிய குறிப்பும் இருக்கும், அதையும் சேர்த்துப் படியுங்கள். நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஏற்பாடுகள் வேறு.

ஒரு எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆப்பைத் திறந்து பார்க்காதீர்கள். திங்கள்கிழமை வரை கேட்க ஆள் இருக்காது, இரண்டு நாளும் மண்டை காயும். நிஜமாகவே ஆபத்தான எண் வந்தால், பொட்டாசியம் மிக அதிகமாக இருக்கிறது என்ற மாதிரி, லேபிலிருந்தே டாக்டரைப் போனில் பிடித்துவிடுவார்கள். இரவாக இருந்தால் அந்த நேரத்துப் பணியில் இருக்கும் டாக்டருக்குத் தகவல் போகும், அவர் உங்களைக் கூப்பிடுவார். அந்த அழைப்பு பெரும்பாலும் நம்பர் மறைத்துத்தான் வரும். விளம்பரக்காரன் என்று நினைத்துத் துண்டிக்காமல், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் மட்டுமாவது எடுத்துப் பேசுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் எழுதிய சோதனையாக இருந்தால் ஜிபியைத் துரத்துவதில் அர்த்தமில்லை. சோதனைக்கு எழுதியவர்தான் ரிசல்ட்டைப் பார்த்து உங்களுக்குச் சொல்லவும் பொறுப்பு என்பது இங்குள்ள விதி. அந்த டிபார்ட்மென்ட்டின் செக்ரட்டரி நம்பர் அவர்கள் அனுப்பிய கடிதத்தின் மேலேயே இருக்கும். இந்த நாட்டில் பாதிக் காரியம் நடப்பது அந்தச் செக்ரட்டரிகளால்தான்.

இன்னொன்று, நீங்கள் டாக்டரிடம் போனதே சோர்வுக்காக. எல்லா எண்ணும் நார்மல் என்று வந்து, சோர்வு மட்டும் அப்படியே இருந்தால் விஷயம் முடியவில்லை. 'சோதனை சரியாக இருக்கிறது, ஆனால் எனக்குச் சரியாகவில்லை' என்று சொல்லி மறுபடி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். நீங்கள் திரும்பி வராவிட்டால் குணமாகிவிட்டது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

சரி, மனைவி விஷயம். உங்களிடம் சொல்ல மறுத்தது அவமதிப்பு இல்லை. அவருடைய ரிசல்ட் அவருக்கு மட்டுமே உரியது, அவர் சம்மதிக்காமல் கணவரிடமும் சொல்லக் கூடாது. உங்கள் ரிசல்ட்டையும் அவர் கேட்டால் தர மாட்டார்கள். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை அந்த உடம்புக்குரியவர் முடிவு செய்யட்டும். அவர் பக்கத்தில் இருந்து, தன் பெயர், பிறந்த தேதி, முகவரியைச் சொல்லி, 'என் கணவரிடம் பேசுங்கள்' என்று சொன்னால் அந்த அழைப்பில் உங்களோடு பேசுவார்கள். நிரந்தரமாக வேண்டுமானால், தன் பதிவை இன்னொருவர் பார்க்க அனுமதி கொடுக்கும் 'ப்ராக்ஸி ஆக்சஸ்' என்று ஒரு படிவம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசத்தான் தயக்கம் என்றால் நீங்கள் நடுவில் நிற்க வேண்டியதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொன்னால் போதும், என்ஹெச்எஸ்ஸில் அதற்குக் காசு கிடையாது.

'ரிப்பீட்' என்றதும் பதற வேண்டாம். எடுக்கும்போதோ வழியிலோ ரத்த அணுக்கள் உடைந்துபோனால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும், அதற்காகவே மறுபடி எடுப்பார்கள். குழாயில் ரத்தம் போதவில்லை என்றாலும் இதே மெசேஜ்தான் வரும். நாளை மதியம் அவரையே கூப்பிடச் சொல்லி, எந்தச் சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள், சாம்பிள் சரியில்லாததாலா ரிசல்ட் விலகியிருப்பதாலா, எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். 'இந்த வாரமே' என்றால் அந்த வாரமே போய்விடுங்கள். 'மூன்று மாதம் கழித்து' என்றால் அந்தத் தேதிக்கு இப்போதே புக் செய்துவிடுங்கள், அவர்கள் ஞாபகப்படுத்துவார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.