வெள்ளை அணுக்கள் நோயை எதிர்ப்பவைதானே, ரத்தப் புற்றுநோயில் அவை பெருகினால் ஏன் ஆபத்து?

நியாயமான சந்தேகம்தான். வெள்ளை அணுக்கள் கிருமிகளை எதிர்க்கும் ரத்த அணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, பெரும்பாலும் அங்கேயே படிப்படியாக முதிர்ந்து வெளியே வருகின்றன. சில வகைகளின் ஆயுள் ஓரிரு நாள்தான். அதனால் உற்பத்தி நிற்பதே இல்லை.

அந்த உற்பத்தியில் ஓர் அணுவின் மரபணு பழுதாகிவிட்டால்? வேகமாக முற்றும் திடீர் ரத்தப் புற்றுநோயில் (acute leukemia) நடப்பது இதுதான்: அந்த அணு முதிர மறுக்கிறது, சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் தன்னைப் போலவே நகல்களைப் பெருக்குகிறது. பயிற்சியே முடிக்காத காவலர்கள் விடுதியின் எல்லாக் கட்டில்களையும் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? ஆள் ஏராளம், காவலுக்குத்தான் ஒருவரும் இல்லை.

அப்புறம், அதே மஜ்ஜையில்தான் சிவப்பணுக்களும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் உருவாக வேண்டும். இடம் இல்லாமல் அவை குறைகின்றன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிவதும், அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள் தோன்றுவதும் இதனால்தான். கழுத்து, அக்குள் போன்ற இடங்களில் உள்ள நிணநீர்க்கணுக்களில் பெரும்பாலும் தொடங்கும் லிம்போமா என்ற புற்றுநோயும் வெள்ளை அணுக்களின் கோளாறே. இடம்தான் வேறு.

சரி, பரிசோதனையில் எண்ணிக்கை கூடியிருந்தாலே புற்றுநோய் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் சாதாரணக் கிருமித்தொற்றுதான், ரத்தப் புற்றுநோயிலோ சிலருக்கு எண்ணிக்கை குறைந்தும் இருக்கும்.