எதை மூடினீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

போன இதழில் சூரிய மின்சாரம் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி வெயிலைத் திட்டி வந்தவை, மீதி கரண்ட் பில்லைத் திட்டி வந்தவை. பதில் சொல்லத் தக்க சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் 'பருவநிலை மாற்றத்தைத் தடுக்கப் போதிய முயற்சி நடக்கிறதா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கயத்தாறு பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் காற்றாலைதான். மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாததாக இருக்கவேண்டும் என்ற இலக்கை இந்தியா ஐந்தாண்டு முன்பே எட்டிவிட்டது என்றும் படித்தேன். 'நடக்கிறது' என்று பேசலாமா? (கல்லூரி மாணவி, கோவில்பட்டி)

என்னைக் கேட்டால், போதாது. அதற்காக 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று மேடையில் முழங்கிவிடாதே அம்மா. அதுவும் பொய்.

நீ படித்த செய்தி சரி. 2025 ஜூனில் நாட்டின் மொத்த நிறுவுதிறன், அதாவது எல்லா மின் நிலையமும் முழுமூச்சில் ஓடினால் தரக்கூடியது, ஏறத்தாழ 484 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் என்பது 1,000 மெகாவாட்). அதில் பாதி, அதாவது 242 ஜிகாவாட், சூரியன், காற்று, நீர், அணு போன்றவை. 2030-க்குள் என்று உலக நாடுகளிடம் கொடுத்த வாக்கு முன்கூட்டியே நிறைவேறியிருக்கிறது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகளை நட்டபோது அதைப் பொம்மை என்று சிரித்தவர்கள் என் துறையிலேயே உண்டு. இன்று தமிழ்நாட்டில் காற்று மட்டும் 11,000 மெகாவாட்டுக்கு மேல்; சூரிய சக்தியும் 10,000-ஐத் தாண்டிவிட்டது.

ஆனால் நட்டுவைத்த மெகாவாட் வேறு, கம்பியில் ஓடும் யூனிட் வேறு. சூரியத் தகடு ராத்திரி தூங்கும், மேகம் வந்தால் சுணங்கும். வருடம் முழுக்கச் சராசரி பார்த்தால் அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. நிலக்கரி உலை ராப்பகலாக எரியும். அதனால் திறனில் பாதிக்குப் பாதி என்றாலும், நாம் செலவழிக்கும் யூனிட்டில் 70 சதவீதத்துக்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

நான் லோடு டெஸ்பாட்ச் சென்டரில் இருந்தவன். மாநிலம் முழுவதும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து இரண்டையும் சமமாக வைக்கும் அறை அது. அங்கே சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் யாரும் டீ குடிக்க எழுந்து போக மாட்டார்கள். சூரியன் இறங்கும், அதே நேரம் வீட்டுக்கு வீடு விளக்கு, மிக்ஸி, ஏசி ஏறும். மேட்டூருக்கும் தூத்துக்குடிக்கும் வடசென்னைக்கும் 'லோடு ஏத்துங்க' என்று போன் பறக்கும். மறுநாள் பகலில் 'குறைங்க' என்று அதே போன். நிலக்கரி உலையை விசிறி போல நினைத்தபோது அணைத்துப் போட முடியாது. ஓரளவுக்குக் கீழே இறக்கவே முடியாது. ஆகவே பகலில் சூரியனிலிருந்து தாராளமாகக் கிடைக்கும்போதும் அது ஒரு ஓரமாக எரிந்துகொண்டேதான் இருக்கும்.

இதனால்தான் நான் எதைத் திறந்தோம் என்று கேட்பதில்லை. எதை மூடினோம் என்று கேட்கிறேன். தினமும் பழம் சாப்பிடுகிறேன் என்று பெருமைப்படுகிறவரிடம் டாக்டர் என்ன கேட்பார்? பீடியை எத்தனை குறைத்தீர்கள் என்றுதானே? நெய்வேலியில் 1962-ல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட், 2020-ல் மூடப்பட்டது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், பக்கத்திலேயே 1,000 மெகாவாட்டுக்குப் புதிய நிலையம் வந்துவிட்டது. எண்ணூரில் 450 மெகாவாட் பழைய நிலையத்தை 2017-ல் மூடினார்கள். அது வயசாகிப் படுத்தது. வெப்பமயமாதலுக்குப் பயந்து யாரும் மூடவில்லை. 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் நிலக்கரி உலையைத் தொடங்கிவைத்தோம். உடன்குடியில் 1,320 மெகாவாட் எழுந்திருக்கிறது. 2031-32-க்குள் நாடு முழுவதும் இன்னும் 80 ஜிகாவாட் நிலக்கரித் திறன் வேண்டும் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது.

உலகமும் இதே கணக்கில்தான் போகிறது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 420-க்கு மேல். 2021 கிளாஸ்கோ ஐ.நா. பருவநிலை மாநாட்டில் நிலக்கரியை 'ஒழிப்போம்' என்று எழுத வந்ததைக் கடைசி நேரத்தில் 'குறைப்போம்' என்று மாற்றினார்கள். மாற்றச் சொல்லி முன்னால் நின்றது இந்தியா. எல்லாப் புதைபடிவ எரிபொருளிலிருந்தும் விலகிச் செல்லவேண்டும் என்று 2023-ல் துபாயில்தான் முதன்முதலாக ஒரு வரி எழுதினார்கள். அப்படி எழுதிய அடுத்த வருடமே, 2024-ல், உலகம் வரலாறு காணாத அளவுக்கு எரித்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய வெப்பத்தைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் வருடமும் அதுதான். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2025 கணக்குப்படி, இப்போதுள்ள கொள்கைகளோடு போனால் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் 2.8 டிகிரி.

சரி, நிலக்கரியை எப்படி இறக்குவது? பகல் மின்சாரத்தைச் சாயங்காலத்துக்கு எடுத்துவைக்க வேண்டும். வழி புதிதல்ல. ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று நிலையத்தைப் பாறைக்குள் குடைந்து கட்டி 1980-களின் கடைசியிலேயே ஓட்டினார்கள், 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது, தட்டுப்பாடு வரும்போது அதையே கீழே விட்டு டர்பைன் சுற்றுவது. அன்று மிஞ்சியது நள்ளிரவில், இன்று மத்தியானத்தில். அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்து நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் என்று பேச்சு எடுத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு சூரியப் பூங்காவை எட்டே மாதத்தில் முடித்துவிடுகிறோம்: ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, 648 மெகாவாட், 2016, அன்று ஒரே இடத்தில் அமைந்ததில் உலகிலேயே பெரியது. சேமிப்புக்கு மட்டும் இந்த அவசரம் வரவில்லை. கிரிட்டுக்கான, அதாவது பொது மின்கம்பி வலைப்பின்னலுக்கான, பேட்டரிக்கு இப்போதுதான் டெண்டர் விடத் தொடங்கியிருக்கிறார்கள். நல்லது. பேட்டரி வந்தபிறகு எந்த உலையை நிறுத்துவார்கள் என்பதையும் அந்த டெண்டரோடு சேர்த்து எழுதினால் நான் நம்புவேன்.

எதிரணி கட்டாயம் ஒன்று கேட்கும்: 'ஏழை நாடு, மின்சாரம் வேண்டாமா?' வேண்டும். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்றுக்காலம் இன்னும் முழுதாகத் தொடங்காத வாரம் அது. அன்று நிலக்கரி இல்லாமல் ஒப்பேற்றியிருக்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. இன்றே மூடு என்று நான் சொல்லவில்லை. எந்த வருடம் எந்த உலை என்று ஒரு பட்டியல் கேட்கிறேன். அந்தப் பட்டியல் எங்கே என்று நீயும் கேள்.

உடுமலைப்பேட்டை – பல்லடம் சாலையில் பல காற்றாடிகள் சுற்றாமல் சும்மா நிற்கின்றனவே, ஏன்? (தென்னந்தோப்புக்காரர், உடுமலைப்பேட்டை)

நீங்கள் பார்த்தது எந்த மாதம் என்பதைச் சொல்லவில்லை. நம் காற்று மே முதல் செப்டம்பர் வரை பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கு கணவாய்களின் வழியாக வருவது. ஜனவரியில் பார்த்தால் பாதி நிற்கத்தான் செய்யும்.

ஆடியில் நன்றாகக் காற்றடிக்கும்போதும் நின்றால் அதற்கு வேறு காரணம். எடுத்துச்செல்லும் லைனில் இடமில்லாமலோ, அந்த நேரத்தில் மாநிலத்தில் தேவை குறைந்தோ 'பேக் டவுன்', அதாவது உற்பத்தியைக் குறை என்று, சொல்லியிருப்பார்கள். கூலியில்லாமல் வீசும் காற்றை நிறுத்திவிட்டு காசு கொடுத்து வாங்கிய கரியை எரிப்பதுபோல் தோன்றும். பல நாள் நடப்பதும் அதுதான்.

மூன்றாவது, உங்கள் பக்கம் உள்ளவற்றில் பல, தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் சின்ன இயந்திரங்கள். நல்ல காற்று உள்ள இடத்தையெல்லாம் இவைதான் பிடித்து வைத்திருக்கின்றன. இன்று ஒரு கோபுரமே 2, 3 மெகாவாட் தரும். பழையதைக் கழற்றிவிட்டுப் பெரியதை நட 2024-ல் மாநில அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆனால் உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். பழைய இயந்திரத்தின் கடன் எப்போதோ அடைந்துவிட்டது, வருவதெல்லாம் லாபம். காற்றுக்காலத்தில் மின்வாரியத்திடம் கொடுத்து வைத்த யூனிட்டை மற்ற மாதங்களில் ஆலைக்கு எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' சலுகையும் பழையதற்குத்தான் தாராளம். சலுகையை விட்டுவிட்டுப் புதுக் கடனில் யார் இறங்குவார்? கணக்குத் தெரிந்த எந்த மில் முதலாளியும் இறங்க மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொள்கை எழுதியவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

புவி வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகிவிட்டது. சீனா கரியாக எரித்துத் தள்ளுகிறது. நாம் மட்டும் ஏன் வயிற்றைக் கட்டவேண்டும்? (பெயர் வேண்டாம் என்றவர், ஈரோடு)

கோபம் நியாயமானது. ஒரு அமெரிக்கர் வருடத்துக்குச் சுமார் 14 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறார், நம்மில் ஒருவர் 2 டன். 2024-ல் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில் ஏழை நாடுகள் வருடத்துக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. பணக்கார நாடுகள் 2035 வாக்கில் வருடத்துக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவதாகச் சொல்லிக் கைதட்டி முடித்தன. இந்தியா அந்த அரங்கத்திலேயே எழுந்து எதிர்ப்புச் சொன்னது. சரியாகச் சொன்னது.

சீனா விஷயத்தில் மட்டும் பாதிக் கதை சொல்கிறீர்கள். உலக நிலக்கரியில் பாதிக்கு மேல் எரிப்பது அவர்கள்தான். அதே சீனா 2024 ஒரே வருடத்தில் நட்ட சூரியத் தகடு 277 ஜிகாவாட். நம் நாடு சுதந்திரத்திலிருந்து இன்றுவரை கட்டிய எல்லா மின் நிலையத்தையும் சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்குகூடத் தேறாது.

மழை பாரிஸ் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் பெய்வதில்லை. 2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்யவேண்டியதே அவ்வளவு இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டது நினைவிருக்கும். ஒரு மழையை மட்டும் காட்டி 'இது வெப்பமயமாதலால்தான்' என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு டிகிரி சூடேறினால் காற்று 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது பாடப்புத்தகம். திருச்செந்தூருக்கு வடக்கே காயல்பட்டினம், தெற்கே உடன்குடி. முதல் பதிலில் சொன்ன 1,320 மெகாவாட் நிலக்கரி நிலையம் அங்கேதான். கார் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டையும் பார்த்துவிடலாம், போய் வாருங்கள்.

எங்கள் சங்கம் சார்பில் ஆயிரம் மரக்கன்று நட்டோம். எவ்வளவு கார்பன் குறையும்? (அரிமா சங்க உறுப்பினர், கும்பகோணம்)

மூன்றாம் வருடம் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணிவிட்டு எழுதுங்கள், சொல்கிறேன்.

தோராயமாக, நன்கு வளர்ந்த மரம் வருடத்துக்கு 20 கிலோ வரை இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டும் ஒரு வீடு, வருடத்துக்கு 2 டன்னுக்கு மேல் வெளியே விடக் காரணமாகிறது. ஒரே வீட்டுக்கு நூறு மரம். நிழலுக்கும் பறவைக்கும் நடுங்கள். கரண்ட் பில்லுக்குப் பரிகாரமாக நடாதீர்கள்.

மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் போட்டோம். பில் குறைந்தது. ஆனால் கரண்ட் போனால், உச்சி வெயிலிலும் வீடு இருட்டாகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (இல்லத்தரசி, திருநின்றவூர்)

யாரும் ஏமாற்றவில்லை அம்மா. போடும்போதே சொல்லாமல் விட்டதுதான் தப்பு. உங்களுடையது கிரிட்டோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர். தெருவில் கரண்ட் போனதும் அது தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் தெருக் கம்பிக்கு ஏறும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன்தான் சாவார்.

கரண்ட் போனபோதும் எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். உங்களுக்குக் கிடைத்த 78,000 ரூபாய் மானியம் தகட்டுக்கானது, பேட்டரிக்குக் கைக்காசுதான். வருடத்தில் கரண்ட் போகும் மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் என்றால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய இன்வெர்ட்டர் போதும். அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு தகடு போடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மூன்று மணிக்கு எங்கே விழுகிறது என்று மாடியேறிப் பாருங்கள்.