65 வாட் சார்ஜர் வாங்கியும் சார்ஜ் மெதுவாக ஏறுவது ஏன்?

கேள்வி: என் ஃபோனுடன் வந்த 67 வாட் சார்ஜர் பழுதாகிவிட்டதால், ஊரிலுள்ள ஒரு கடையில் 65 வாட் டைப்-சி சார்ஜரும் தனியாக ஒரு கேபிளும் வாங்கினேன். முன்பு ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பிய 5,000 எம்.ஏ.எச். பேட்டரி இப்போது மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஃபோன் வாங்கி இரண்டாண்டு ஆகிவிட்டதால் பேட்டரிதான் வீக், மாற்றிவிடுங்கள் என்கிறார் பழுது பார்ப்பவர். மாற்றலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. 5,000 எம்.ஏ.எச். பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல் அடங்கும். அது நிரம்ப மூன்றரை மணி நேரம் ஆகிறது என்றால், சராசரியாக ஐந்தரை வாட் வீதத்தில்தான் உள்ளே போகிறது. வழியில் வெப்பமாக வீணாவதைச் சேர்த்துக்கொண்டாலும், சார்ஜர் தருவது ஏழு வாட்டை ஒட்டித்தான் இருக்கும். சார்ஜரும் ஃபோனும் ஒன்றையொன்று சரியாக அடையாளம் காணாதபோது, பாதுகாப்புக் கருதி இறங்கிக்கொள்ளும் 5 வோல்ட் அடிப்படை நிலையோடு இந்த அளவு பொருந்துகிறது. தேய்ந்த பேட்டரியின் முதல் அடையாளம் மெதுவாக ஏறுவது அன்று, விரைவாக இறங்குவது. சார்ஜர் மாறிய நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை என்றால், சந்தேகம் முதலில் சார்ஜர் மீதும் கேபிள் மீதுமே விழ வேண்டும்.

பெட்டியின் மீது பெரிதாக அச்சிட்டிருக்கும் 65 என்ற எண் அந்தச் சார்ஜரின் உச்ச அளவு மட்டுமே. சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் இருக்கும் 'அவுட்புட்' வரிகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான 65 வாட் சார்ஜர்களில் அந்த உச்ச அளவு 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்ற நிலையில்தான் கிடைக்கும். அது மடிக்கணினிக்கு உரியது. யுஎஸ்பி பிடி (பவர் டெலிவரி) என்ற பொதுவான வேக சார்ஜ் முறையை ஏற்கும் ஃபோன்கள் பொதுவாகக் கேட்பது 9 வோல்ட். அந்த வரியில் 3 ஆம்பியர் என்று இருந்தால், கிடைக்கக்கூடியது 27 வாட்தான். சார்ஜர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், எவ்வளவு வாங்கிக்கொள்வது என்பதை முடிவு செய்வது ஃபோன்தான்.

இதற்கு மேல், நிறுவனங்கள் ஆளுக்கொரு முறை வைத்திருப்பது பெரிய தலைவலி. ஓப்போ, ஒன்பிளஸ், ரியல்மி ஃபோன்களின் சூப்பர்வூக், ஷாவ்மி, விவோ நிறுவனங்களின் அதிவேக முறைகள் ஆகியவை அந்தந்த நிறுவனத்தின் சார்ஜர், கேபிள் இரண்டும் சேர்ந்திருந்தால்தான் முழு வேகத்தில் வேலை செய்யும். சாம்சங் ஃபோன்களின் 25 வாட் வேகத்துக்கு பிடி சார்ஜராக இருந்தால் மட்டும் போதாது, அதில் பிபிஎஸ் வசதியும் (ஃபோன் கேட்பதற்கேற்ப வோல்டேஜைச் சிறிது சிறிதாக மாற்றித் தருவது) இருக்க வேண்டும். வேறு சார்ஜரைச் செருகினால் ஃபோன் கெட்டுப்போகாது. ஆனால் வேகம் சில மாடல்களில் ஓரளவும், சில மாடல்களில் அடிமட்டத்துக்கும் குறைந்துவிடும். 67 வாட் ஃபோனுக்கு 65 வாட் சார்ஜர் ஏறக்குறையப் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தால், அது பொருத்தம் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துச் சொன்ன பேச்சு.

கேபிளை யாரும் கவனிப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. உள்ளே மெல்லிய செம்புக் கம்பி போட்ட கேபிளின் மின்தடை கால் ஓம் இருந்தாலே, 2 ஆம்பியர் பாயும்போது அரை வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 5 வோல்ட் கிளம்பி நாலரை வோல்ட் வந்துசேர்ந்தால் ஃபோன் தானாகவே தேவையைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே சோதனையில் கேபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே நிறுவனத்தின் ஃபோன் வைத்திருக்கும் உறவினரிடமோ நண்பரிடமோ அசல் சார்ஜரையும் கேபிளையும் சிறிது நேரம் வாங்கி, உங்கள் ஃபோனில் சார்ஜ் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது திரையை அணைத்துவிட்டுச் செருகுங்கள். பூட்டுத் திரையில் வேக சார்ஜ் என்ற குறிப்பு வந்து, கால் மணி நேரத்தில் அளவு கணிசமாக உயர்ந்தால், ஃபோனிலும் பேட்டரியிலும் குறையில்லை என்று கொள்ளலாம். பிறகு கேபிளை மட்டும் உங்களுடையதாக மாற்றிப் பாருங்கள். குற்றவாளி எது என்பது தெரிந்துவிடும்.

அசல் சார்ஜரிலும் மெதுவாகவே ஏறினால் மட்டும் ஃபோனைச் சந்தேகிக்கலாம். சட்டைப்பையின் நூல்தூசு போர்ட்டுக்குள் இறுகிப் போயிருந்தால் கேபிள் முழுதாக உட்காராது. ஃபோனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் மெல்ல எடுங்கள், ஊசி வேண்டாம். செட்டிங்ஸில் வேக சார்ஜ் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது: ஐபோனை 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஆப்பிள், சித்திரை வெயிலில், மெத்தை மீது, ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டுச் சார்ஜ் ஏற்றினால் எந்த ஃபோனும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். பின்பக்க மூடி உப்பியிருந்தால் மட்டும் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம். உடனே பயன்பாட்டை நிறுத்திச் சேவை மையத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறிவிட்டு, அதன் பிறகு நகர மறுக்கிறது. புது ஃபோனில் இது குறையா?

பதில்: குறை இல்லை. லித்தியம்-அயான் பேட்டரி நிரம்ப நிரம்ப, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். 80-இலேயே நின்றுவிடுகிறது என்றால் பேட்டரிப் பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருக்கும். ஆயுளைக் கருதி அதை அப்படியே விட்டுவைக்கலாம்.

கேள்வி: மெதுவாக ஏற்றும் சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கப் போனால், விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் கேடயம் ஆகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47)-இன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆனால் குறை என்பது வேறு, பொருந்தாமை என்பது வேறு. சார்ஜர் தன் உடம்பில் எழுதியிருப்பதைத் தருகிறது, உங்கள் ஃபோன்தான் அதை ஏற்கவில்லை என்றால், வழக்கு வலுவிழக்கும். உங்கள் மாடலுக்கு வேக சார்ஜ் ஆகும் என்று பெட்டியிலோ, விளம்பரத்திலோ, வாட்ஸ்அப்பிலோ உறுதி தந்திருந்தால் நிலைமை மாறும். அவற்றைப் பில்லுடன் பத்திரப்படுத்துங்கள்.

சார்ஜரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மொபைல் சார்ஜர்கள் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், பதிவு பெற்ற உற்பத்தியாளர் யார் என்பது வந்துவிடும். எண்ணே இல்லை, அல்லது வேறொரு பொருளின் விவரம் வருகிறது என்றால், அதைக் கொண்டு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்துமூலம் கடைக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும்.