கண்மாய்க்குக் கெடு உண்டு, மசோதாவுக்கு?
வக்கீல் பதில்கள்

கேள்வி: சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கிடப்பில் போட்டால், நீதிமன்றம் அவருக்கு நாள் குறிக்கலாமா? 2025 ஏப்ரலில் குறிக்கலாம் என்றார்கள், நவம்பரில் கூடாது என்றார்கள். எதை நம்புவது?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தமிழக அரசு தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுநருக்குக் கெடு விதித்தார்கள். தேங்கிக் கிடந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையே என்றார்கள். பிறகு குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை அனுப்பிக் கருத்துக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்னது வேறு: அரசியல் சாசனத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் எழுதிச் சேர்க்க முடியாது, ஆளுநரின் ஒப்புதலைத் தானே வழங்கவும் முடியாது. ஆனால் காரணமே சொல்லாமல் நெடுங்காலம் இழுத்தடித்தால், 'நியாயமான காலத்துக்குள் முடிவெடுங்கள்' என்று மட்டும் உத்தரவிடலாம். ஒப்புதல் கொடு, கொடுக்காதே என்று சொல்லக் கூடாது.

ஏப்ரலில் மகிழ்ந்தவன் நான். இருந்தாலும், ஆளுநர் போட வேண்டிய கையெழுத்தை நீதிபதி போடுவது முறையல்ல என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். என் மனம் ஆறாதது வேறொன்றில்.

தேவகோட்டைப் பக்கத்து ஆயக்கட்டுக்காரர்களுக்காக, அதாவது கண்மாய்ப் பாசன விவசாயிகளுக்காக, ஒருமுறை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டேன். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை யாரோ மண் கொட்டி அடைத்துவிட்டார்கள். மனு கொடுத்துக் கொடுத்து மூன்று மழைக்காலம் போயிற்று. கண்மாய் நிரம்பினால் உபரி நீர் வழியும் கலுங்கைத் தண்ணீர் தொடவே இல்லை. தாசில்தாருக்கு 12 வாரம் கெடு கொடுத்தது நீதிமன்றம். பதினோராம் வாரம் பொக்லைன் வந்து நின்றது. அன்று வரப்பில் உட்கார்ந்து அழுத பெரியவரை நான் இன்னும் மறக்கவில்லை.

தாசில்தாருக்குக் கெடு உண்டு. சட்டசபைக்கும் உண்டு: குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பச் சொன்ன மசோதாவை 6 மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்கிறது 201ஆவது பிரிவு. ஆளுநருக்கான 200ஆவது பிரிவிலோ, மசோதாவைத் திருப்பி அனுப்பும் இடத்தில் 'கூடிய விரைவில்' என்ற சொல்தான் இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்கு நாள் கணக்கு, நியமிக்கப்பட்டவருக்கு இல்லை என்றால் தராசு எந்தப் பக்கம் தாழ்கிறது? இதை நீதிமன்றம் திருத்த முடியாது. நாடாளுமன்றம் சாசனத்தைத் திருத்தி ஒரு நாளை எழுத வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி. ஊருக்கு வரும்போது கேளுங்கள் ஆச்சி, நானும் கேட்கிறேன்.

கேள்வி: கலெக்டரையும் மாஜிஸ்திரேட் என்கிறார்களே, அவரும் நீதிபதியா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: இல்லை தம்பி. வரி வசூலிப்பவரே வழக்கும் விசாரித்தது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. இரண்டையும் பிரிக்கச் சொன்னது சாசனத்தின் 50ஆவது பிரிவு. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) வேறு, நிர்வாக நடுவர் வேறு என்று நாட்டின் பெரும்பகுதிக்கு வகுத்தது. கலெக்டர் இரண்டாம் வகை. ஊரில் கலவரம் மூளும் என்றால் தடை உத்தரவு போடுவார். வளவு வீட்டில் பங்காளிகளுக்குள் பாகப் பிரச்சினை என்றால், சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.