அமெரிக்காவில் துப்பாக்கியைத் தனியாள் விற்பது: கண்காட்சிக்கும் இணைய விளம்பரத்துக்கும் என்ன வித்தியாசம்?

“கண்காட்சியில் விற்றால் பின்னணிச் சோதனை வேண்டாமாமே, இணையத்தில் விற்றால் வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவரா என்று பார்ப்பதுதான் பின்னணிச் சோதனை. விற்கும் இடத்தை வைத்து கூட்டரசுச் சட்டம் (நாடு முழுவதற்குமான சட்டம்) பிரிப்பதில்லை. விற்பவர் யார் என்பதுதான் கணக்கு.

துப்பாக்கிகள் விற்கும் கண்காட்சியில் ஒரு மேசையைப் பாருங்கள். உரிமம் பெற்ற வியாபாரி 4473 என்ற படிவத்தை நீட்டுவார், அடையாள அட்டை பார்ப்பார், எஃப்.பி.ஐ.யின் சோதனை அமைப்பில் பெயரைச் சரிபார்ப்பார். பக்கத்து மேசையில் தன் சொந்த வேட்டைத் துப்பாக்கியை விற்கும் தனியாள் காசை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடலாம். இணையத்தில் விளம்பரம் போட்டு வாகன நிறுத்துமிடத்தில் கைமாற்றினாலும் அதே விதிதான். ஆனால் வாங்குபவர் வேறு மாநிலத்தவர் என்றால் உரிம வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும். கலிஃபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்களில் தனியாள் விற்பனைக்கும் சோதனை உண்டு.

என்னைக் கேட்டால் இணையம்தான் கூடுதல் கவலை. கண்காட்சி ஒரு வாரக்கடைசியோடு முடிந்துவிடும். விளம்பரம் இரவு பகலாக நிற்கும். 2012இல் விஸ்கான்சினில் ஒருவர் மனைவியையும் வேறு இரு பெண்களையும் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் துப்பாக்கி வைத்திருக்கவே அவருக்குத் தடை போட்டிருந்தது. ‘ஆர்ம்ஸ்லிஸ்ட்’ என்ற துப்பாக்கி விளம்பரத் தளத்தில் ஒரு தனியாளைப் பிடித்து வாங்கிவிட்டார். தளத்தின் மீது வழக்குத் தொடர முடியாது என்று 2019இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஒன்று: லாபத்துக்காகத் திரும்பத் திரும்ப விற்பவர் ‘தனியாள்’ என்று சொல்லித் தப்ப முடியாது, உரிமம் எடுத்தாக வேண்டும். யார் உரிமம் எடுக்க வேண்டும் என்ற வரையறையை 2022ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக்கியது.