பக்கக்கோட்டு உள்ளெறிதலில் நடுவர் எங்கே நிற்பது?

தருமபுரியில் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டத்தில், பக்கக்கோட்டுக்கு வெளியே நின்று ஒருவர் பந்தை உள்ளே எறியும்போது (அதுதான் உள்ளெறிதல்), தடுப்பவரின் கை கோட்டைத் தாண்டியது உங்கள் கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எப்படிப் படும், தம்பி? பந்தைக் கொடுத்த பிறகும் எறிபவரின் தோளருகிலேயே நின்றிருக்கிறீர்கள். இரண்டு எட்டு விலகி நின்று, பந்தைத் தரையில் தட்டிக் கொடுங்கள். எறிபவரின் கால், கோடு, தடுப்பவரின் விரல்நுனி மூன்றும் ஒரே பார்வையில் விழ வேண்டும். மற்ற ஆட்டக்காரர்கள் உங்களுக்கும் சக நடுவருக்கும் நடுவில் இருக்கட்டும். எறிபவர் பந்தை விட வேண்டிய 5 விநாடியைக் கையசைத்து எண்ணுங்கள். பயிற்சியாளர் கண்ணுக்கும் அந்த எண்ணிக்கை தெரியும்.

இன்னொன்று, நம் பக்கத்துப் பள்ளிகளில் பல இடங்களில் சுற்றுச்சுவர் கோட்டை ஒட்டியே நிற்கிறது. வெளியே 2 மீட்டர் இடம் இல்லையென்றால் தடுப்பவர் எறிபவரிடமிருந்து 1 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பந்தைக் கொடுக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.