வாடகையிலிருந்து தொடங்கும் வரைபடம்: கட்டடம் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்களுக்கு 5 சென்ட் மனை உள்ளது. கிழக்கு மேற்காக 60 அடி, வடக்கு தெற்காக 36 அடி. ஆரி வேலை செய்யும் பெண்கள், புகைப்படக்காரர், அழைப்பிதழ் வடிவமைப்பவர் போன்றோருக்கு வாடகைக்கு விடும்படி நான்கு சிறு கூடங்கள் கட்ட விரும்புகிறேன். கையில் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது. இவர்களால் மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் வாடகை தர இயலாது. எப்படித் திட்டமிட வேண்டும்?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: குடியிருப்பவர்களால் எவ்வளவு தர முடியும் என்பதைக் கேட்டறிந்த பிறகே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்; பெரும்பாலோர் கட்டி முடித்த பின்புதான் அதைக் கேட்கிறார்கள். வாடகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவோம். நான்கு கூடங்களுக்கும் சேர்த்து மாதம் 16,000 ரூபாய் வரும். காலியாகக் கிடக்கும் மாதங்கள், சொத்து வரி, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்காக அதில் கால் பங்கை ஒதுக்கினால், மீதமுள்ள 12,000 ரூபாயைக் கடன் தவணையாகக் கட்டலாம். வட்டி 10 சதவீதம், காலம் 10 ஆண்டுகள் என்று கொண்டால் அந்தத் தவணைக்கு ஏறக்குறைய 9 லட்சம் ரூபாய் கடன் தாங்கும். உங்கள் 5 லட்சத்தையும் சேர்த்தால் 14 லட்சம் ஆகிறது. கழிப்பறை, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு, தாழ்வாரம் ஆகியவற்றுக்கு 3 லட்சத்தை எடுத்துவைத்தால் கூடங்களுக்கு 11 லட்சம் மிஞ்சும். உங்கள் கொத்தனார் சதுர அடிக்கு 1,800 ரூபாய் கேட்டால், நீங்கள் கட்டக்கூடியது சுமார் 600 சதுர அடி மட்டுமே. அதற்கு மேல் கட்டும் ஒவ்வொரு அடியும் வாடகையை உயர்த்தும். வாடகை உயர்ந்தால் நீங்கள் யாருக்காகக் கட்ட நினைத்தீர்களோ அவர்கள் வரமாட்டார்கள்.

ஆகவே, வெளி அளவில் 12 அடிக்கு 12 அடி கொண்ட நான்கு கூடங்களைக் கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் அமைக்கலாம் என்பது என் கருத்து. மொத்தம் 48 அடி நீளம், 576 சதுர அடி. மேல்தளத்தின் பாரம் வடக்கு, தெற்கு நெடுஞ்சுவர்களில் மட்டும் இறங்கும்படி கம்பி கட்டச் சொல்லுங்கள். அவ்வாறு செய்தால் கூடங்களுக்கு இடையிலுள்ள சுவர்கள் பாரம் தாங்காத தடுப்புகளாகவே நிற்கும். முழு உருவப் படம் எடுக்க ஏறத்தாழ 20 அடி தூரம் வேண்டும் என்பதால், புகைப்படக்காரர் இரண்டு கூடங்களைச் சேர்த்துக் கேட்கும் நாளில் ஒரு தடுப்பைப் பிரித்து எடுத்துவிடலாம். அவர் காலி செய்த பின் மீண்டும் எழுப்பிக்கொள்ளலாம். சிறுதொழில் செய்பவர்களின் தேவை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், இந்த ஒரு முடிவை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். பெரிய ஜன்னல்களை வடக்கில் வையுங்கள். ஆரி வேலைக்கும் நிறம் பார்த்து அச்சிடும் வேலைக்கும் நேர் வெயில் ஆகாது. ஆனால் 'வடக்கு வெளிச்சத்தில் வெயில் வராது' என்ற பொது விதி குளிர்நாடுகளுக்குத்தான் பொருந்தும். கிருஷ்ணகிரி ஏறக்குறைய 12.5 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. நான்கடி உயர ஜன்னலுக்கு ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தால் அந்த நண்பகல் வெயிலைத் தடுத்துவிடலாம். அம்மாதங்களில் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் சாய்ந்து வரும் வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. அதற்கு ஜன்னலின் இருபுறமும் ஓரடி துருத்தி நிற்கும் கற்பலகைகளைச் செங்குத்தாகப் பதிக்க வேண்டும். தெற்கில் ஆறடித் தாழ்வாரம் அமைத்தால் குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் சுவரில் படாது. பொருள் பிரிப்பது, பொட்டலம் கட்டுவது, வாடிக்கையாளரை உட்கார வைப்பது ஆகிய எல்லாம் அங்கேயே நடக்கும் என்பதால், கூடம் சிறிதாக இருப்பதும் பெரிய குறையாகத் தெரியாது.

சுவருக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறையைப் பரிந்துரைக்கிறேன். செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு 9 அங்குலச் சுவர் எழுப்பும் முறை இது. செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும், உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் குறைக்கும். மேல்தளத்தில் கான்கிரீட்டின் அடிப்பகுதியில் இழுவிசையைக் கம்பியே ஏற்பதால், கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டைக் குறைக்கலாம். இவ்விரண்டும் பழகாத கொத்தனாரிடம் முதலில் நான்கடிச் சுவர் ஒன்றைக் கட்டச் சொல்லிப் பார்த்த பிறகே முழு வேலையை ஒப்படையுங்கள். கம்பிக் கணக்கைப் பொறியாளரிடம் வாங்காமல் தளம் போடவே கூடாது. தரைக்கு நம் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகளும், தாழ்வாரத்துக்கு வேலிக்கு நடும் கற்தூண்களும் போதுமானவை. வெளியூரிலிருந்து டைல்ஸ் வரவழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: தெருக்கூத்துப் பாடல்களையும் கோயில் பாடல்களையும் பதிவு செய்ய, சாலையோரத் தகரக் கொட்டகை ஒன்றை ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருக்கிறேன். சுவர் முழுதும் முட்டை அட்டை ஒட்டியும் பேருந்துச் சத்தம் கேட்கிறது. செலவு குறைந்த வழி உண்டா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: முட்டை அட்டை அறைக்குள் எழும் எதிரொலியைச் சிறிதளவு குறைக்குமே தவிர, வெளிச்சத்தத்தைத் தடுக்காது, அதற்கு எடை இல்லை. வெளிச்சத்தத்தைத் தடுப்பவை எடையும் இடுக்கின்மையும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் உள்ளே வரும் ஒலி சுமார் 5 அல்லது 6 டெசிபல் குறையும். தகரத்துக்குள் அதைத் தொடாமல், சில அங்குலம் தள்ளி, இருபுறமும் பூசிய செங்கல் சுவரால் எட்டடிக்குப் பத்தடியில் ஓர் உள்ளறை எழுப்பி, அதற்குத் தனியாகக் கான்கிரீட் மேல்தளம் போடுங்கள். மழை தகரத்தில் விழும் ஓசையும் அப்போதுதான் அடங்கும். கதவு கனமான முழுப்பலகையாக, நான்கு பக்கமும் ரப்பர் பீடிங் ஒட்டியதாக இருக்கட்டும். கதவின் கீழே அரை அங்குல இடைவெளி விட்டால்கூடச் சுவருக்குச் செய்த செலவு வீணாகிவிடும். உள்ளே எதிரொலிக்குப் பஞ்சு மெத்தைகளையும் தடித்த கம்பளிகளையும் தொங்கவிட்டால் போதும். சாலைப் பக்கம் கருவிகள் வைக்கும் அறையை அமைத்து, பதிவறையைப் பின்பக்கம் தள்ளுங்கள். மிருதங்கமும் முகவீணையும் பாடகரின் குரலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூத்தைப் பதிவு செய்யும் உங்கள் வேலை இந்த வட்டாரத்துக்கு மிகவும் தேவையானது. அதற்கு இந்தச் செலவு தகும்.

கேள்வி: மண்பாண்டப் பொம்மைக் கூடம் தொடங்க வாடகைக்கு இடம் பார்த்திருக்கிறேன். வாடகைக்கும் மானியக் கடன் கிடைக்குமா?
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க இயலாது, ஆனால் தொழிற்கூடத்தின் வாடகையை அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்குச் சேர்த்துக் காட்டலாம். பெண்களுக்கு மானியம் ஊரகப் பகுதியில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம். விண்ணப்பிக்கும் முன் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் விசாரியுங்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, அதில் சூளை வைக்கவும் தனி மின் மீட்டர் பெறவும் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் மின்கட்டணத்தில் தனி வகை உண்டு. கடை என்று பதிவாகிவிட்டால் கூடுதலாகக் கட்ட நேரும் என்பதால், இணைப்புப் படிவத்தில் எந்த வகை எழுதப்படுகிறது என்பதை நீங்களே பாருங்கள்.